படுத்திருந்தால் ஆறிவிடுமா?





ஐம்பதாம் ஆண்டு நிகழ்ச்சியில் வியாபாரிகள் பேசுகிறார்கள் என்றதும் சரக்கு விலை, கடை வாடகை பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது பிசியோதெரபி. தமிழ்நாட்டில் இதை இயன்முறை மருத்துவம் என்று சொல்கிறார்கள். நாங்கள் டாக்டர்கள் இல்லை. பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடைக்குத் திரும்பி வந்தவர்கள். ஆனால் கடையில் நிற்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: நம் சமூகம் உடம்பை வைத்துச் சம்பாதிக்கிற சமூகம். ரொட்டிக் கல்லுக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், தே தாரிக் இழுத்து இழுத்துத் தோள் தேய்ந்தவர், அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் தூக்கி இடுப்பு பிடித்தவர், நாணய மாற்றுக் கடையில் நாள் முழுக்கக் கழுத்தைக் குனிந்தே எண்ணுபவர். இவர்களில் ஒருவராவது இல்லாத வீடு இந்த மண்டபத்தில் இருக்காது.

அடிபட்டால் நம் வீடுகளில் முதலில் கேட்கிற வார்த்தை என்ன? "அசையாமப் படு." அன்பினால் சொல்வதுதான். இரண்டு நாள், மூன்று நாள் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் படுத்திருந்தால் உடம்பு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறோமா? அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. எந்த நோயும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. அடிபடாதவர்களுக்கே இந்த நிலை என்றால், இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்திருக்கிற நம் நன்னிமாருக்கு என்ன மிஞ்சும்? எலும்பு கூடிவிடும். நடக்கக் கால் இருக்காது.

பொலிடெக்னிக்கில் இயந்திரம் படித்தபோது சொல்லிக்கொடுத்தது, ஓடுகிற பாகம் தேயும், ஓடாத பாகம் தேயாது என்று. மனித உடம்பு இதற்கு நேர் எதிர். ஓடாத மூட்டுதான் இறுகுகிறது, வேலை செய்யாத தசைதான் கரைகிறது. அறுந்த நார் ஆறும்போது உள்ளே புதிய இழைகள் தாறுமாறாகத்தான் முளைக்கும். அளவாக இழுத்து, அளவாகப் பாரம் கொடுக்கும்போதுதான் அவை இழுவிசையின் திசையில் ஒழுங்காக அடுக்கப்படும். அந்த 'அளவு' எவ்வளவு, எந்த வாரத்தில் எவ்வளவு என்று தெரிந்தவர்தான் பிசியோதெரபிஸ்ட். அவரை மசாஜ் செய்கிறவர் என்று நினைப்பது, கணக்காளரைக் கல்குலேட்டர் தட்டுகிறவர் என்று சொல்வது போல.

நம்மில் பலருக்கு வேலூர் சி.எம்.சி. தெரியும். இராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் போகும்போது அப்படியே வேலூருக்கும் போய்ப் பார்த்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். கொச்சியைச் சேர்ந்தவர், இளம் மருத்துவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அந்தக் காலத்தில் அப்படி ஒருவருக்கு வீட்டுக் கட்டில்தான் முடிவு. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவையைப் பிரபலமாக்கிய டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில்தான் இருந்தார். மடங்கிப்போன விரலுக்குத் தசைநாரை மாற்றித் தைத்துவிட்டால் மட்டும் விரல் வேலை செய்யாது. புது வேலையை அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பழக்க வேண்டும் என்பதை வேலூர்க்காரர்கள் அன்றைக்கே கண்ணால் பார்த்தார்கள். பிறகு மேரி வர்கீஸ் நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், "இனி அவ்வளவுதான்" என்ற பேச்சு நம் வீடுகளில் ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இப்போது முழங்காலுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பின்வரிசையைப் பாருங்கள். வருடத்துக்கு வருடம் நாற்காலிகள் கூடுகின்றன. நாற்காலியில் தொழுவது பற்றிய மார்க்கச் சட்டத்தை ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது எங்கள் வேலை இல்லை. எங்களுக்குத் தெரிந்தது கோணக் கணக்கு. சமதரையில் நடக்க முழங்கால் 60 பாகை அளவுக்கு மடங்கினால் போதும். படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90, 100 பாகை வேண்டும். ஸஜ்தாவிலிருந்து எழுந்து இருப்பில் உட்காருவதற்கு 150 பாகைக்குப் பக்கத்தில் மடங்க வேண்டும். வெள்ளைக்காரர் நாட்டில் எழுதிய பாடப் புத்தகத்தில் முழங்காலுக்கு நல்ல பலன் என்று 110, 120 பாகையைச் சொல்வார்கள். நாற்காலி, மேசை, கட்டில் என்று வாழ்கிறவருக்கு அது போதும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் தொழுகிறவருக்குப் போதாது.

ஆகவே பிசியோதெரபிஸ்ட் "உங்களுக்கு என்ன செய்ய முடிய வேண்டும்?" என்று கேட்டால், "வலி குறைஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "ஐந்து வேளையும் தரையில் தொழணும், கீழே உட்கார்ந்து எழுந்திருக்கணும்" என்று சொல்லுங்கள். மலாய்க்காரப் பிசியோதெரபிஸ்ட் என்றால் சொல்லவே வேண்டாம், அவரே கேட்பார். முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. செயற்கை மூட்டு பெரும்பாலும் முழு மடக்குக்கு வராது. தேய்மானம் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கோ, தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் கொஞ்சம் எடைக் குறைப்பும் சேர்ந்தாலே வலியில் பெரிய வித்தியாசம் தெரியும். எடை என்றதும் சிரிக்கிறீர்கள். நாங்களும் நாசி கண்டார் பக்கத்தில்தான் கடை வைத்திருக்கிறோம்.

தோள். இது குறிப்பாகத் தாய்மார்களுக்கு. தலைத்துண்டைப் பின்னால் கொண்டுபோய்க் குத்த முடியவில்லை, மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த தோள் தானாகவும் இளகும், ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலியின் நிலை பார்த்து மெல்ல மெல்ல அசைவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பலவந்தமாக முறுக்கினால் கூடும். "நல்லா இழுத்து விடுங்க" என்று யாரிடமும் தோளைக் கொடுக்காதீர்கள்.

இங்கே ஊருட் பற்றியும் சொல்லிவிடுகிறோம், இல்லையென்றால் கேள்வி நேரத்தில் அதுதான் முதலில் வரும். மலாய்க்கார அம்மாவிடம் ஊருட், சின்சேயிடம் கட்டு, ஊருக்குப் போனால் புத்தூர்க் கட்டு. மூட்டை தூக்கி இறுகிப்போன தசைக்கு எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் விழுந்த அன்றைக்கே வீங்கிய காலை எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் பிடிக்கக் கொடுக்கக் கூடாது. முறிவு இருந்தால் நகர்ந்துவிடும். கால் மரத்துப் போனது, இடுப்பு வலியோடு சிறுநீர் கழிப்பது கட்டுப்படவில்லை என்றால் ஊருட்டும் வேண்டாம், பிசியோதெரபியும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பக்கவாதம் வந்தவர் வீட்டில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மகன் சட்டை போட்டுவிடுவான், மருமகள் ஊட்டிவிடுவாள், எழுந்திருக்க முயன்றால் "வாப்பா, நாங்க இருக்கோம்ல" என்று உட்கார வைத்துவிடுவார்கள். மூளை இழந்த வேலையைத் திரும்பக் கற்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கிறது. கற்பது என்றால் திரும்பத் திரும்பச் செய்வது. அந்தக் கை ஒரு கரண்டியைப் பிடிக்கக் கால் மணி நேரம் எடுத்தாலும், அந்தக் கால் மணி நேரமும் சிகிச்சைதான். விழாமல் பக்கத்தில் நிற்பது நம் வேலை, அவருக்குப் பதிலாகச் செய்வது அல்ல.

வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் பிசியோதெரபிஸ்ட் பார்க்கிறார் என்றால் ஒரு மணி நேரம். வாரத்தில் 168 மணி நேரம். மீதி 167 மணி நேரம் வீட்டில்தான். வீட்டுப் பயிற்சித் தாளை மருந்துச் சீட்டைப் போல நினைக்காமல் ஐஸ்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். பலன் இல்லை என்று பாதியில் நிறுத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அந்தத் தாளை வாசித்தே இருக்கமாட்டார்கள்.

அடுத்தது பணம். இங்கே முதலாளிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, சாப்பாட்டுக் கடைத் தொழிலாளி. விடியற்காலையில் வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்து காலெலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். கடையில் அவருக்குப் பெர்கேசோ சந்தா கட்டியிருக்கவில்லை. சம்பளம் நின்றது. வாடகை வண்டிக்குக் காசில்லாமல் பிசியோதெரபிக்கு இரண்டு முறை போய் நிறுத்திவிட்டார். எலும்பு நன்றாகவே கூடியது, முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. நாள் முழுக்க நிற்கிற வேலை இனி அவரால் முடியாது. வயது முப்பதுகூட ஆகவில்லை.

பெர்கேசோ, ஆங்கிலப் பெயரில் சொக்சோ, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. வேலையிடத்து விபத்து மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். மருத்துவ விடுப்புக் காலத்தில் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2007இலிருந்து மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் நடக்கிறது. 2014இல் மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தைத் திறந்தார்கள். ஜொகூர் பாருவிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். அங்கேயே தங்கிச் சிகிச்சை பெறலாம், நீர்க்குளத்தில் பயிற்சி உண்டு, பழைய வேலையைச் செய்ய முடியுமா என்று பழக்கியும் பார்க்கிறார்கள். அந்தத் தம்பிக்குச் சந்தா கட்டியிருந்தால் இந்த வழி திறந்திருக்கும்.

ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த தொழிலாளர்களுக்கு இது இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் அவர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு, கட்ட வேண்டியது முதலாளி. சொந்தக் கடைக்காரருக்கு? 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சட்டம் டாக்சி ஓட்டுநர்களில் தொடங்கிப் பிறகு அங்காடி வியாபாரிகள் உட்படப் பலருக்கும் விரிந்திருக்கிறது. வீட்டுத் தலைவிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து தனித் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 120 வெள்ளி. சமையலறையில் வழுக்கி விழுந்தாலும் அதில் வரும். நோன்புப் பெருநாளுக்கு ஒரு வீட்டில் வாங்குகிற பலகாரக் காசுகூட இல்லை அது.

சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் பிள்ளைகள் விஷயம் வேறு. விடியற்காலை கடற்பாலத்தில் அந்த வரிசையைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அங்கே வேலையிடத்து விபத்துக்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் சொந்த வண்டியில் போகும் வழியில் விழுந்தால் அது பொதுவாகப் பொருந்தாது. ஆகவே தனி விபத்துக் காப்பு ஒன்று அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். தக்காபுல் ஆனாலும் சரி, பிசியோதெரபிச் செலவும் அதில் உண்டா என்று எழுத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

எங்கே போவது? ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகள், மூவாரில் சுல்தானா பாத்திமா, பத்து பஹாட்டில் சுல்தானா நோரா இஸ்மாயில், குளுவாங்கில் எஞ்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம். எல்லாவற்றிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. சில அரசு கிளினிக்குகளிலும் உண்டு, டாக்டர் கடிதம் வாங்கிப் போக வேண்டும். காத்திருக்க நேரிடும். அவசரம் என்றால் தனியாரிடம் போகலாம், ஆனால் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பதிவு செய்தவரா, தொழில் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இப்போது கடைவீதியில் நீலப் பலகை மாட்டியவரெல்லாம் 'தெரபி' என்கிறார்கள். பெண்களுக்குப் பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம், இந்தத் துறையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எஸ்.பி.எம்.மில் அறிவியல் நன்றாக எடுத்தவர்கள் இந்தப் படிப்பையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

பெர்கேசோ பதிவு செய்யத் தெரியாத கடைக்காரர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசைக்கு வாருங்கள். கணக்கு தெரிந்த தம்பிகள் இரண்டு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட் நகல் அல்லது அடையாள அட்டை எண், வேலையில் சேர்ந்த தேதி, சம்பளம் இவை இருந்தால் ஆரம்பித்துவிடலாம். புதிதாக ஆள் சேர்த்தவர்கள் 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் அவர்கள் முதலில் வரட்டும்.