தறிக்கு வந்த ஓவியர்

(புதுச்சேரியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில், ஓவியம், சிற்பம் என்று பேச வந்திருக்கிறானே இவன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வயிறு காயும்போது சித்திரம் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேச வந்தது பணக்காரர் மாளிகையில் தொங்கும் சித்திரத்தைப் பற்றி அல்ல. நூலையும் களிமண்ணையும் கயிற்றையும் கையில் எடுத்த ஒரு கலைஞரைப் பற்றி. அவர் பெயர் கே. ஜி. சுப்ரமணியன்.

அவர் நமக்கு அந்நியர் அல்ல. 1924-ல் வடகேரளத்தின் கூத்துபறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார், மாஹேயில் வளர்ந்தார். எந்த மாஹே? புதுச்சேரி, காரைக்கால், ஏனாமோடு சேர்த்து பிரெஞ்சுக்காரன் ஆண்டானே, அதே மாஹே! 1936 ஜூலை 30-ந் தேதி நம் மில் தொழிலாளர்கள் 12 பேரை எந்த ஆட்சி சுட்டுக் கொன்றதோ, அந்த ஆட்சிதான் அன்று மாஹேயிலும் நடந்தது.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கப் போனார். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் கிளம்பிற்று. மாணவர் சுப்ரமணியன் அதில் குதித்தார், சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. ஒரு கதவு அடைபட்டது; வேறொரு கதவைத் தட்டினார். 1944-ல் வங்காளத்துச் சாந்திநிகேதனில் ஓவியம் பயிலச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோர். இந்த ராம்கிங்கர் யார் தெரியுமா? சலவைக்கல்லில் ராஜாக்களைச் செதுக்கியவர் அல்ல. சிமெண்டையும் செம்மண் சரளையையும் குழைத்து, மூட்டை முடிச்சோடு நடந்து போகும் சந்தால் குடும்பத்தைத் திறந்த வெளியில் சிலையாக நிறுத்தியவர். ஆலைச் சங்கு ஊதியதும் வேலைக்கு ஓடும் சந்தால் பெண்களையும் 1956-ல் சிலையாக்கினார். சங்கொலி கேட்டு ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியாததா?

இப்படிப்பட்ட ஆசிரியர்களிடம் பயின்றவர் 1951-ல் பரோடாவில் ஆசிரியரானார். 1959-ல் பம்பாய்க்குப் போய், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புக்கான துணை இயக்குநராக இரண்டு ஆண்டு வேலை பார்த்தார். பின்னரும் சில ஆண்டுகள் அதன் ஆலோசகராக இருந்தார்.

படித்த ஓவியர் ஒருவர் தறிக்கூடத்துக்குள் வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? காகிதத்தில் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்து, "இதை நெய்" என்று உத்தரவிடுவார். ஆனால் தறிக்கு ஒரு சட்டம் உண்டு. பாவு நெடுக ஓடும். ஊடை குறுக்கே ஓடும். காகிதத்தில் ஓவியர் வளைத்துப் போட்ட கோடு, தறியில் படிப்படியாக ஏறித்தான் வளைய முடியும். எந்த நூல் எவ்வளவு தாங்கும், எந்த நிறம் எந்த நிறத்தோடு சேர்ந்தால் மங்கும் என்பது நெசவாளியின் விரலுக்குத் தெரியும். சுப்ரமணியன் இந்த அறிவை மதித்தார். கைவினைஞனுக்கும் கலைஞனுக்கும் நடுவே மதில் எழுப்பியது தவறு என்பதை வாழ்நாள் முழுவதும் எழுதினார், பேசினார். எழுதியதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்.

பரோடாவில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்திய கலைச் சந்தைக்கு, மரத்துண்டும் மணியும் தோலும் கொண்டு பொம்மைகள் செய்தார். 1963-ல் லக்னோ ரவீந்திராலயக் கட்டிடத்தின் சுவரில், தாகூரின் நாடகம் ஒன்றைச் சுட்ட மண்ணால் மாபெரும் சித்திரமாக்கினார். 1971-ல் வங்காளதேசத்தில் படையினர் நடத்திய படுகொலையைக் கண்டு கொதித்தார். மார்பு நிறையப் பதக்கம் குத்திய தளபதிகளையும் சிதைந்த உடல்களையும் அதே சுட்ட மண்ணில் வடித்தார். குயவர் கையில் இருக்கும் மண்தான். அந்த மண்ணே கொலைகாரனுக்கு எதிரான சாட்சியாயிற்று!

கயிறும் நாரும் அவர் விரலுக்கு விலக்கல்ல. பரோடாவில் அவரிடம் பயின்ற மிருணாளினி முகர்ஜி (1949-2015) அந்த வழியில் வெகு தூரம் போனார். தழை உரத்துக்கு வயலில் சணப்பு விதைக்கிறீர்களே, அந்த மாதிரி நார்க்கயிற்றுக்குச் சாயம் தோய்த்து, தறியும் இல்லாமல் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். கட்டுக் கட்டும் கயிற்றில் தெய்வ உருவம் எழுந்தது. 2019-ல் நியூயார்க் நகரின் பெரிய அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. ஆப்பிரிக்காவைப் பாருங்கள். புதுச்சேரிப் பக்கத்தில் நெய்து நீலம் தோய்த்த துணி ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களில் செனகலுக்குப் போயிற்று. 'கினே' என்பது அதன் பெயர். அங்கே அது நாணயம் போலவே செல்லுபடியாயிற்று. வியாபாரிகள் அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். நெய்தவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. விற்கப்பட்டவன் பெயரையும் எழுதி வைக்கவில்லை.

அதே கண்டத்தின் கானா நாட்டில் 1944-ல் பிறந்தவர் எல் அனட்சுயி. நெசவு தெரிந்த குடும்பம். நைஜீரியாவில் ஆசிரியராக இருந்தபோது, குப்பையில் எறியப்பட்ட மது பாட்டில் மூடிகளைச் சேர்த்தார். அவற்றைத் தட்டி, துளையிட்டு, செப்புக் கம்பியால் கோத்து, சுவரளவுக்குப் பொன்னிறத் துணி போலத் தொங்கவிட்டார். ஐரோப்பியர் அடிமைகளை வாங்கக் கொண்டு வந்த சரக்கில் மதுவும் ஒன்று. அந்த மூடிகள் அந்த வரலாற்றைச் சொல்லுகின்றன. ஒருவர் கை மட்டும் செய்த வேலை அல்ல இது. பல உதவியாளர்கள் உட்கார்ந்து கோத்தது. 2015-ல் வெனிஸ் கண்காட்சி அவருடைய வாழ்நாள் பணிக்குத் தங்கச் சிங்கம் விருது அளித்தது.

தோழர்களே! சுப்ரமணியன் 2016-ல் காலமானார். பத்மவிபூஷணும் அவருக்குக் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அவர் இடிக்க நினைத்த மதில் இன்னும் நிற்கிறது. ஓவியர் கையெழுத்திட்டால் அது கலை. நெசவாளி நெய்தால் அது சரக்கு. ஓவியத்துக்கு லட்சம், நெய்தவருக்கு அரை வயிற்றுக் கூலி! 1898-ல் தொடங்கிய நம் ரோடியர் மில் 2020-ல் மூடப்பட்டது. இயந்திரங்களுக்கு விலை மதித்துவிடலாம். அறுந்த இழையை ஓசையாலேயே கண்டுகொண்ட தொழிலாளியின் தேர்ச்சியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே ஒன்று கேட்கிறேன். கைத்தறிக் கண்காட்சிக்குப் போனால், விலையைக் கேட்பதோடு நிற்காதீர்கள். "இதை நெய்தவர் பேர் என்ன? அவருக்கு என்ன கூலி?" என்று கேளுங்கள். துணியின் சீட்டில் நெய்தவர் பெயரையும் எழுது என்று உங்கள் சங்கத்தின் வழியாகவும் வற்புறுத்துங்கள். வீட்டில் பிள்ளை களிமண்ணைப் பிசைந்தால், கயிற்றைப் பின்னினால், "அழுக்கு வேலை" என்று அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்த முடிச்சைச் சொல்லிக் கொடுங்கள்.