ஒட்டுப் போட்ட ஸ்பீக்கர்

 

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்பவர்களும் உண்டு. அப்படி ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவார். துணைக்கு ரேடியோ பாடும்.

ஒரு மழைக்காலம். கூரை ஒழுகியது. ரேடியோவோடு இணைத்த ஸ்பீக்கர் பெட்டி நனைந்தது. மறுநாள் பாட்டு வரவில்லை. 'கரகர' என்ற சத்தம்தான் வந்தது.

"புதுசு வாங்கிடலாமா?" என்றார் கணவர்.

"இரண்டு நாள் இட்லிக் காசு போயிடுமே!" என்றார் அம்மா.

பக்கத்து வீட்டுத் தம்பி வயரிங் வேலை செய்பவர். அவர் வந்து பார்த்தார்.

"அக்கா, தூக்கிப் போடாதீங்க. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. ரேடியோவைத் திறக்க வேண்டாம், ஷாக் அடிக்கும். ஸ்பீக்கரை மட்டும் கழற்றுவோம்" என்றார்.

ஸ்பீக்கரில் என்ன இருக்கிறது? முன்னால் புனல் போல ஒரு காகிதம். பின்னால் காந்தம். காகிதத்தின் அடியில் மெல்லிய கம்பிச் சுருள். மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் அசையும். காகிதமும் சேர்ந்து அசையும். காற்று அதிரும். அதுதான் பாட்டாகக் காதில் விழுகிறது.

தம்பி 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை எடுத்தார். இரண்டு வயர் வைத்து ஸ்பீக்கரில் கண் இமைக்கும் நேரம் தொட்டார். 'டக்' என்றது. சுருள் அறுந்து போகவில்லை.

பிறகு காகிதத்தை விரல்களால் மெல்ல அழுத்தினார். உரசல் இல்லை. உரசினால் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும். காகிதம் மட்டும் ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது.

இதற்குள் கணவர் பழைய சாமான் கடையிலிருந்து வேறு ஸ்பீக்கர் கொண்டு வந்தார். "விலை குறைச்சல். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமாம்" என்றார்.

"அக்கா, பின்னால இருக்கிற நம்பரைப் படிங்க" என்றார் தம்பி.

அம்மா இரவு வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றவர். தம் ஸ்பீக்கரைத் திருப்பினார். 8 என்று இருந்தது. பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறி. அதுதான் 'ஓம்'. புதிதாக வந்ததில் 4 ஓம் என்று இருந்தது.

"ஓம் குறைந்தால் மின்சாரம் அதிகமாகப் பாயும். ரேடியோ சூடாகிக் கெட்டுப் போகலாம்" என்றார் தம்பி.

அந்த ஸ்பீக்கர் கடைக்கே திரும்பிப் போனது.

நனைந்த ஸ்பீக்கரை அம்மா நிழலில் நன்றாக உலர்த்தினார். பட்டம் செய்யும் மெல்லிய காகிதத்தைக் கிழிசலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினார். மரம் ஒட்டும் வெள்ளைப் பசையை லேசாகத் தடவினார். முன்னும் பின்னும் ஒட்டினார். தடிமனாக ஒட்டக்கூடாது. காகிதம் கனத்தால் சத்தம் மங்கும். இரவு முழுவதும் காயவிட்டார்.

திருப்புளியைக் கவனமாகப் பிடித்து மாட்டினார். கை தவறினால் காந்தம் அதை இழுத்துவிடும். காகிதம் மறுபடி கிழியும்.

மறுநாள் விடியற்காலை ரேடியோ பாடியது. சத்தத்தைக் கூட்டினால் கொஞ்சம் கரகரப்பு. அளவாக வைத்தால் தெளிவு. செலவு பசைக்கும் காகிதத்துக்கும்தான்.

உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் முதுகிலும் பெரும்பாலும் இப்படி எண் இருக்கும். அடுத்த முறை கழற்றும்போது படித்துப் பாருங்கள். மாற்று வாங்கினால் அதே ஓம் கேட்டு வாங்குங்கள்.