முதலில் கண்ணைப் பார்ப்போம்



ஆடு மெலிந்தால் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதைப் பழிக்கவில்லை, ஆனால் நோயறியுமுன் மருந்தா?

ஆட்டின் நாலாம் இரைப்பையில் ஒட்டி இரத்தங் குடிக்கும் புழுவொன்று உண்டு. பெண்புழு நாளொன்றுக்கு 5000 முட்டைகளும் இடும். கழிச்சல் பெரும்பாலும் இராது; அதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். கீழிமையை மெல்ல விலக்கிப் பார்ப்போம். நன்கு சிவந்திருந்தால் பொறுக்கலாம். உட்புறம் வெளுத்து, தாடையின்கீழ் நீர்வீக்கமுங் கண்டால், வேம்பை நம்பி நாட்கடத்தலாகாது. அன்றே மிருக வைத்தியரை நாட வேண்டும். தென்னாபிரிக்காவில் இமைநிறத்தை 5 படிகளாக வகுத்து அட்டையே செய்திருக்கின்றனர்.

பச்சிலை வீணென்பாரும் கேட்க! 2015 இல் நோபல் பரிசிற் பாதி, மலேரியாவுக்குச் செடியினின்று மருந்து கண்ட தூ யூயூ அம்மையாருக்கே கிடைத்தது. அவர் சாறெடுத்துச் சோதித்து அளவறிந்தார். நம் வேப்பங்கொழுந்துக்கோ ‘ஒரு கைப்பிடி’ என்பதே இன்றும் அளவு.