பழைய புரோகிராமும் புது விண்டோஸும்



"பழைய கணக்கு புரோகிராம் புது கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குது சார்" என்று பலர் என்னிடம் வருகிறார்கள். "திரையில என்ன வந்துச்சு?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பாதி விடை அதிலேயே இருக்கும்.

டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பெரும்பாலும் ஓடிவிடும். 2001-இல் வந்த எக்ஸ்பிக்காக எழுதியது என்றால், ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முரண்டு பிடிக்கிற புரோகிராம் அதிலேயே வழிக்கு வந்துவிடும். பிரிண்டர் டிரைவருக்கு இந்த வைத்தியம் பலிக்காது; புது டிரைவர்தான் வேண்டும்.

இத்தனையும் எதற்கு? புரோகிராம் போனால் வேறு வாங்கலாம். உள்ளே இருக்கும் இருபது வருஷக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? பழைய மெஷின் ஓடும்போதே அதை டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து வையுங்கள்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எழுதப்போகும் புரோகிராமும் ஒருநாள் பழசாகும். உள்ளே போன தகவல் வெளியே வர ஒரு வாசல் வைத்து எழுதுங்கள்.