செருப்புத் தைத்த மாப்பிள்ளையும் செருப்புக் கட்டும் பக்தர்களும்

(பாளையங்கோட்டைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் மலைக்கோவில் யாத்திரை என்பதாகும். இதைக் கேட்டவுடன், மலை ஏறுவதே முட்டாள்தனம் என்று நாம் சொல்லப் போவதாகச் சிலர் எதிர்பார்த்து வந்திருக்கக்கூடும். அப்படிச் சொல்ல நாம் வரவில்லை. வருஷம் முழுவதும் கடையிலும் கச்சேரியிலும் வயல்வரப்பிலும் கிடந்து உழல்கிறவன், நாலு நாள் காட்டுக் காற்றைச் சுவாசித்து, அருவியில் குளித்து, கால் கடுக்க நடந்து வருவதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் கிடையாது. கால் ஏறட்டும், கூடவே அறிவும் ஏறினால் போதும் என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம்.

2025-ம் வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 24-ந் தேதி வந்தது. காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு நாமும் போயிருந்தோம். கும்பிடப் போகவில்லை, கும்பிடுகிறவர்கள் என்ன நினைத்துக் கும்பிடுகிறார்கள் என்று விசாரிக்கப் போனோம்.

இங்கிருந்து பாபநாசம் போகிற வழியில் சேரன்மாதேவி வருகிறது. தேசீயக் கல்வி என்று பெயர் வைத்து வ.வெ.சு. அய்யர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்து, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்துக் கிளம்பி, 1925-ல் நாடு முழுவதும் அல்லோலகல்லோலப்பட்ட ஊர் அது. பஸ்ஸில் நம் பக்கத்தில் இருந்த பக்தர்களுக்கு அது டீ குடிக்க நிறுத்துகிற ஊர் மாத்திரமே. போகட்டும்.

பாபநாசத்தில் இறங்கினால், பெயரே பாவம் நாசமாகும் இடம் என்கிறது. குளிப்பவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். துணியோடு பாவமும் போய்விடுமாம். போகிற இடம் எது? கீழே திருநெல்வேலிக்காரனும் தூத்துக்குடிக்காரனும் குடிக்கிற தண்ணீரல்லவா அது! தன் பாவத்தைத் தொலைக்க அடுத்தவன் குடிதண்ணீரில் அழுக்குத் துணியைப் போடுவதற்குப் புண்ணியம் என்று பெயர் வைத்தவனின் சாமர்த்தியமே சாமர்த்தியம். அந்தத் துணிகளைப் பிறகு மூட்டை மூட்டையாக வாரி எடுக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பாவம் யார் தலையில் இறங்குகிறதென்று தெரிந்துவிடும்.

அங்கிருந்து மேலே புலிகள் காப்பகக் காடு. அந்தக் காலத்தில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஜனங்கள் ஏறிய வழி அது. கோவிலைச் சுற்றி ஆற்றங்கரையெல்லாம் கூடாரங்கள், பொங்கல் அடுப்புகள், கிடாய்கள், பிள்ளைகுட்டிகள். அய்யனார் பேரில் கோவில் இருந்தாலும் கூட்டத்தின் கண் அங்குள்ள பட்டவராயன் பேரில்தான். பட்டவராயனுக்கு நேர்த்திக்கடன் தேங்காய் அல்ல, பட்டு அல்ல; தோல் செருப்பு! ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு இரவில் காட்டில் நடமாடுகிறாராம். அதனால் வருஷம் கழித்துப் பார்த்தால் செருப்புத் தேய்ந்திருக்குமாம்.

மலைமழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, பூச்சி அரிக்கிற தோல், வருஷம் கழித்துப் புதிதாகவா இருக்கும்? உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு ஜோடியை மாட்டி வைத்துப் பாருங்கள். உங்கள் தாழ்வாரத்திலும் பட்டவராயன் நடமாடியதாகத் தெரியவரும். ஆனால் தேய்வது நமக்குப் பெரிய விஷயமல்ல. ஒரு சாமிக்குச் செருப்பு ஏன் வந்தது என்பதே விஷயம்.

இந்தப் பட்டவராயன் வானத்திலிருந்து குதித்தவனல்ல. வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடுகிற கதையின்படி அவன் முத்துப்பட்டன் என்கிற பார்ப்பன வாலிபன். சக்கிலியர் என்று அப்போது அழைக்கப்பட்ட அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவர் மீதும் ஆசை கொண்டு, பெண் கேட்டுப் போனான். இரண்டு பெண்ணைக் கேட்டது சரியா என்பது வேறு வழக்கு. அதையும் நாம் ஒப்புவதில்லை. ஆனால் வாலப்பகடை சொன்ன பதிலைக் கவனியுங்கள். "சாமி, நாங்கள் செய்த பாக்கியம்" என்று அவர் காலில் விழவில்லை. குடுமியை எடு, பூணூலை அறு, எங்கள் தொழிலைக் கற்றுக்கொள், செருப்புத் தைத்துக் காட்டு, அப்புறம் பெண் தருகிறேன் என்றார். மானமுள்ள மனிதன்! பட்டனும் அப்படியே செய்தான். அவனுடைய அண்ணன்மார் அவனைப் பிடித்து அடைத்து வைத்துப் பார்த்தார்கள். தப்பி வந்து தோல் பதப்படுத்தினான், செருப்புத் தைத்தான், மணம் முடித்தான். பிறகு மாமனாரின் மாடுகளைத் திருடர் கொண்டுபோக, மீட்கப் போன இடத்தில் வஞ்சகமாகக் குத்தப்பட்டு இறந்தான். பெண்கள் இருவரும் தீயில் விழுந்தார்கள். அதைக் கற்பென்று பாடுவதை நாம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

செத்துப்போனவனைச் சாமியாக்கினார்கள். சாமியாக்கிய பிற்பாடு வேறொரு வேலை நடந்தது. இதே பாளையங்கோட்டையில் இருந்து நாட்டுக்கதைகளைத் தேடித் தொகுத்த பேராசிரியர் நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதையை 1971-ல் பதிப்பித்தார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள் என்றும், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்றும் சில பாடங்களில் வருவது, மேல்சாதிக்காரரைச் சமாதானப்படுத்தப் பிற்காலத்தில் சேர்த்த ஒட்டு என்று அவர் எடுத்துக் காட்டினார். பாருங்கள் இந்த யோக்கியதையை! பார்ப்பான் செருப்புத் தைத்தான் என்பதை மறைக்க முடியவில்லை, சாமி காலில் செருப்பு இருக்கிறது. ஆகவே பெண்களின் பிறப்பை மாற்றிவிட்டார்கள். பகடை வீட்டில் பிறந்த பெண்ணுக்காக ஒருவன் பூணூலை அறுத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நிற்க. இதே மலைத்தொடரில் இன்னும் உயரே, 1868 மீட்டரில், அகத்தியர் மலை இருக்கிறது. கேரளத்துப் போனக்காடு வழியாக ஏறுகிறார்கள். அங்கே உச்சிக்குப் பெண்கள் போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அகத்தியர் பிரம்மசாரியாம்! லோபாமுத்திரை அவர் பெண்சாதி என்று எழுதி வைத்ததும் இதே புராணக்காரர்கள்தான். கீழே சம்சாரி, மேலே பிரம்மசாரி போலிருக்கிறது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக்கூடாதென்று தீர்ப்புச் சொல்லி, 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். மலை இடிந்து விழவில்லை. தாமிரபரணி வற்றிப் போகவும் இல்லை.

மறுபடியும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வருவோம். புதுச்செருப்பு ஒரு ஜோடியோடு நின்ற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். நல்ல மனிதர், நமக்கும் பொங்கல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, செருப்பு அழகா இருக்கே, யாரு தச்சது?"

"ஆளு வச்சுச் சொல்லித் தச்சது, அண்ணாச்சி."

"தச்சவர் பேரு என்ன?"

"பேரெல்லாம் கேக்கல."

"அவர் வீட்டுல பொண்ணு எடுப்பியளா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்துக்கொண்டே, "அது வேற, இது வேற, அண்ணாச்சி" என்றார்.

தோழர்களே! அன்று கூட்டத்தில் நாம் கேட்ட வேதாந்தம் எல்லாம் இந்த நாலு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. செருப்புத் தைத்தவன் சாமியானால் கும்பிடலாம், அது வேற. செருப்புத் தைக்கிறவன் மனிதனாகத் திண்ணையில் உட்கார்ந்தால் ஆகாது, இது வேற. நம் கிராமங்களில் மேல்சாதித் தெரு வந்தால் தாழ்த்தப்பட்டவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. செருப்பைச் சாமி காலில் கட்ட மலை ஏறினவனும், அதே செருப்பை இன்னொருவன் காலில் கண்டு கொதித்தவனும் ஒரே ஆள் அல்லவா? கதையில் பட்டன் செய்த காரியத்தை உங்கள் மகன் செய்தால் செருப்புக் கட்டுவீர்களா? உங்கள் மகளுக்காக வேறு குலத்தான் ஒருவன் வந்து நின்றால், வாலப்பகடையைப் போல வேலை செய்து காட்டு என்று கேட்பீர்களா, அரிவாளைத் தேடுவீர்களா?

அமாவாசை முடிந்து மூன்று நாள்தான் ஆயிற்று. ஜூலை 27-ந் தேதி, நாம் கூடியிருக்கும் இதே பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகப் பட்டியல் சாதி வாலிபர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. குற்றவாளியைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் பேசுவது, அந்தச் செய்தியைக் கேட்டு, "அந்தப் பையன் அங்கே ஏன் போனான்?" என்று பஸ் நிலையத்தில் நின்று கேட்டவர்களைப் பற்றி. மலையில் வைத்த திருநீறு நெற்றியில் இன்னும் அழியாமல் இருந்த ஒருவர்கூட அப்படிக் கேட்டதை நம் காதால் கேட்டோம். முத்துப்பட்டன் அங்கே ஏன் போனான் என்று அவர் மலையில் கேட்கவில்லையே!

சாமி இல்லை என்று நாம் சொல்வதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மலைக்கு வரவேண்டும் என்று யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை. சாமி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாமி உயிரோடிருந்த காலத்தில் செய்தது என்ன? அதை ஒப்புகிறீர்களா, இல்லையா? ஒப்புவதானால் வீட்டில் செய்து காட்டுங்கள். ஒப்பாவிட்டால் அந்தச் செருப்பை மலையில் கொண்டுபோய்க் கட்டுவானேன்? இதற்குப் பதில் சொல்லச் சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

பிறகு ஒரு நாள் அம்பாசமுத்திரத்தில் அந்தப் பொங்கல் கொடுத்த மனிதரைப் பார்த்தோம். நம்மைக் கண்டு அவரே ரோட்டைத் தாண்டி வந்தார். "அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் ஒரு மக காலேஜுக்குப் போறா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தோம். வருகிற ஆடி அமாவாசைக்குச் சேர்ந்து போவதென்றும், வில்லுப்பாட்டுக்காரரிடம் பழைய பாடத்தையே பாடச் சொல்வதென்றும் பேசிக்கொண்டோம். கூட வர இஷ்டமுள்ள தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.