ஒரு வாய்க் கஞ்சி



ஒரு வாய்க் கஞ்சி தொண்டையில் இறங்குவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் முற்றியவர்க்கோ அதுவே அரிய செயலாகிவிடுகிறது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்குழாயைக் கட்டி உள்ளிருந்து நெருக்குகிறது. முதலில் சோறு தடைப்படும், பின்னர் கஞ்சி, இறுதியில் தண்ணீரும் இறங்காது.

அறுவைக்கு இடமில்லாத நிலையில் மருத்துவர் செய்வது என்ன? நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கம்பியால் பின்னிய வலைக்குழல் ஒன்றைச் சுருக்கி, வாய்வழியே அடைப்பினுள் செலுத்துகின்றனர். உறை நீங்கியதும் அது தானே விரிந்து வழி திறக்கிறது. இதற்கு ‘ஸ்டென்ட்’ என்று பெயர். 1959இல் செலஸ்டின் வெளியிட்ட பிளாஸ்டிக் குழல் போன்ற விரியாத குழல்களே முன்பு பயன்பட்டன. 1990களில் விரியும் வலைக்குழல் பரவியது.

இது நோயைத் தீர்ப்பதன்று. குழல் நழுவலாம், கட்டி மீண்டும் வளர்ந்து அடைக்கலாம், நெஞ்சு வலிக்கலாம். நோயாளி நிமிர்ந்து அமர்ந்து, மென்மையான உணவை நன்கு மென்று, இடையிடையே நீர் பருகி உண்ணவேண்டும்.

ஆயினும் இதனைச் சிறு செயல் என்று நான் கருதேன். எஞ்சிய நாட்களில் ஒருவர் தம் வீட்டாரோடு அமர்ந்து உண்ண முடிகிறதல்லவா? தீர்க்க இயலாத இடத்திலும் தணிக்க இயலும். அதுவும் மருத்துவத்தின் கடமையே.