ஏட்டில் இல்லாத சுரம்

 

ஐரோப்பாவின் 9, 10ஆம் நூற்றாண்டு இசையை அன்று பாடியபடியே தருகிறோம் என்று சொல்லிக் குறுந்தகடுகள் விற்கப்படுகின்றன. அந்த வாக்கை எவ்வளவு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் 359 என்ற எண்ணுள்ள சுவடி இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. கிறித்தவத் திருப்பலியில் தனித்துப் பாடுகிறவருக்கான நூல். லத்தீன் வரிகளின் தலைக்கு மேல் மயிரிழை போன்ற கோடுகள், கொக்கிகள், புள்ளிகள். கோடு ஏறினால் குரல் ஏற வேண்டும், வளைந்து இறங்கினால் இறங்க வேண்டும். இடையிடையே பொடி எழுத்துகள்: 'சி' (c) என்றால் விரைந்து பாடு, 'டி' (t) என்றால் நிறுத்திப் பாடு. இத்தனை நுணுக்கமாகக் குறித்தவர், குரல் எந்தச் சுரத்தில் போய் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. பாடகருக்கு அது மனப்பாடம். கோடுகளின் மேல் சுரத்தை நிறுத்திக் காட்டும் முறையை இத்தாலியத் துறவி அரெட்ஸோவின் குய்தோ வகுத்தது 11ஆம் நூற்றாண்டில்தான்.

இப்படிக் கிறித்தவக் கோயிலில் பாடிய பாட்டுக்கு ஒரு நல்லூழ் உண்டு. அதே பாடல்களைப் பின்னால் வந்தவர்கள் கோடிட்டு எழுதி வைத்தார்கள்; இரண்டையும் ஒப்பிட்டுச் சுரங்களை ஏறக்குறைய மீட்கலாம். பிரான்சின் சோலெம் மடத்துத் துறவிகள் 1889 முதல் சுவடிகளின் நிழற்படங்களை வெளியிட்டதால்தான் இந்த ஒப்பீடு பலருக்கும் கைகூடியது. தாளநடை பற்றிய சண்டை மட்டும் ஓயவில்லை.

கோயிலுக்கு வெளியே பாடியவற்றுக்கு இந்த உதவி அரிது. ரோமானிய மெய்யியலாளர் போயத்தியுஸ் 6ஆம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய 'மெய்யியலின் ஆறுதல்' நூலின் செய்யுள்களைப் பிற்காலத்தார் மெட்டமைத்துப் பாடினார்கள். அந்த மெட்டுக்குறிகள் உள்ள 11ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. 1840களில் ஜெர்மன் அறிஞர் ஒருவர் அதிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துப் போய்விட்டார். 1982இல் மார்கரெட் கிப்சன் என்ற ஆய்வாளர் பிராங்க்ஃபர்ட் நூலகத்தில் தற்செயலாக அதைக் கண்டெடுத்தார். பல பாடல்களின் குறிகள் அந்த ஒற்றை ஏட்டில் இருந்தன. இசை ஆய்வாளர் சாம் பாரெட் இந்தக் குறிகளோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடினார். குறிகளும் அக்கால மெட்டு வகைகளும் அவரை ஓர் எல்லைவரை கொண்டுசென்றன. அதற்கப்பால் பழைய இசையைப் பாடும் செகுவென்சியா குழுவின் பெஞ்சமின் பாக்பி பாடிப் பாடிப் பார்த்தார். ஒன்று பொருந்தாவிட்டால் வேறொன்று. 2016இல் கேம்பிரிட்ஜில் அரங்கேற்றினார்கள். 2018இல் குறுந்தகடு வந்தது.

அதை அவர்கள் மீட்டுருவாக்கம் என்றே சொல்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தப் பதிவை நான் உயர்வாக மதிக்கிறேன். ஊகத்தை ஊகம் என்று சொல்லிப் பாடுவதால் பாட்டின் மதிப்பு இம்மியும் குறைவதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குறுந்தகட்டோடு வரும் சிறுநூலை முதலில் படியுங்கள். எந்தச் சுவடி, எது சான்று, எது பாடகரின் ஊகம் என்று சொல்லாத பதிவு 'அசல்' என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பாதீர்கள். சங்க்ட் காலன் சுவடிகளை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஏட்டைக் கண்முன் வைத்துக்கொண்டு கேளுங்கள்.